போடர் பூட்டு என்று தம்பி சொன்னது உண்மையா?

வாசகி ஒருவர் எழுதியது:

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறேன். வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்கா கலியாணம் கட்டி அமெரிக்காவில் டிட்ரொயிட் பக்கம் இருந்தார். தம்பி 2010இல் கப்பலில் கனடா போனவர், ஸ்காபரோவில் இருக்கிறார். 2020 மார்கழியில் அக்கா கொரோனாவில் இறந்துவிட்டார். தம்பி வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குக் காரில் நாலு மணித்தியாலம்தான். ஆனால் "போடர் பூட்டு, போக ஏலாது" என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை. செத்தவீட்டு வீடியோவில் அத்தானின் தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார், அவரும் ரொறன்ரோதான். பாலத்தால் லொறிகள் போவதைச் செய்தியிலும் பார்த்தோம். அடுத்த வருசம் அக்காவின் ஆண்டுத்திவசத்துக்கும் தம்பி போகவில்லை. அப்போது போடர் திறந்துவிட்டது என்று அத்தான் சொன்னார். அதோடு அம்மா தம்பியுடன் கதைப்பதை விட்டுவிட்டார். போன ஆனியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதற்கும் தம்பி வரவில்லை. இப்போது அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்கு வருகிறேன் என்று ரிக்கெற் போட்டிருக்கிறார். அக்காவின் செத்தவீட்டன்று வின்ட்சர் வரைக்கும் போய் ஆற்றங்கரையில் நின்றதாக ஒருமுறை சொன்னார். நாங்கள் அதை நம்பவில்லை. போடர் உண்மையாகவே பூட்டியிருந்ததா? சாவுக்கு வராதவனுக்குக் காணியில் பங்கு எதற்கு என்று மாமா கேட்கிறார். அதுவும் சரியா?

அன்பின் சகோதரிக்கு,

பூட்டித்தான் இருந்தது. தம்பி பொய் சொல்லவில்லை.

நான் கிளிநொச்சியில் தொழில் செய்யும் சட்டத்தரணி. கனடாவிலோ அமெரிக்காவிலோ நான் வழக்குப் பேசுவதில்லை. ஆனால் என் மேசைக்கு வரும் வேலையில் பாதி வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கான சத்தியக்கடதாசி, பிறப்பு இறப்புப் பத்திரங்கள், உறவுமுறையை உறுதிப்படுத்தும் கடிதங்கள்தான். 2020, 2021இல் அந்த நாடுகளின் எல்லை விதிகளை வாராவாரம் படிக்காமல் அந்தப் பத்திரங்களைச் செய்து கொடுக்க முடியவில்லை. அப்படிப் படித்ததிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2020 மார்ச் 21ஆம் திகதி கனடாவும் அமெரிக்காவும் பேசி முடிவெடுத்துத் தரைவழி எல்லையை அத்தியாவசியமில்லாத பயணங்களுக்கு மூடின. முதலில் முப்பது நாள் என்றார்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் நீட்டிக்கொண்டே போனார்கள். அமெரிக்கப் பக்கம் அது 2021 நவம்பர் 8 வரைக்கும் திறக்கவில்லை. உங்கள் அக்கா இறந்த மார்கழி அந்த ஒன்றரை வருசத்துக்கும் மேலான காலத்தின் நடுவில் வருகிறது.

அப்படியென்றால் லொறி எப்படிப் போனது என்று கேட்பீர்கள். வின்ட்சரிலிருந்து டிட்ரொயிட்டுக்குப் போகும் அம்பாசடர் பாலத்தில் லொறிகள் ஒருநாளும் நிற்கவில்லை. சாமான் கொண்டுபோவது அத்தியாவசியம் என்று பட்டியலில் இருந்தது. வின்ட்சரில் வீடு, டிட்ரொயிட் ஆஸ்பத்திரியில் வேலை என்று இருந்த தாதிமாரும் தினமும் போய் வந்தார்கள். மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வேலைக்கும் போகலாம், அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பலாம். உறவினரைப் பார்க்கப் போவது அந்தப் பட்டியலில் இல்லை. செத்தவீடு என்று ஒரு வரியும் இல்லை. மனிதாபிமானக் காரணத்துக்காகத் தனித்தனியாகப் பார்த்து விடலாம் என்று ஒரு வாசகம் மட்டும் இருந்தது. யாரை விடுவது என்பது கூண்டுக்குள் இருக்கும் அதிகாரியின் கையில். ஒருவரை விட்டிருப்பார்கள், அடுத்தவரைத் திருப்பியிருப்பார்கள்.

இது எங்களுக்குப் புதிதல்ல. 2021 மே மாதம் இங்கே மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை போட்டிருந்தார்களே, அப்போது மரக்கறி லொறி தம்புள்ளைக்குப் போய் வந்தது. வவுனியாவிலிருந்து அநுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு மாற்றிய தகப்பனைப் பார்க்கப் பிள்ளைகள் படாத பாடு பட்டார்கள்.

சரி, அத்தானின் தம்பி எப்படிப் போனார்? அவர் பறந்து போயிருப்பார். அந்தத் தடை பாலங்களுக்கும் சுரங்கப்பாதைக்கும் படகுத்துறைகளுக்கும் போட்ட தடை. கனடாவிலிருந்து விமானத்தில் அமெரிக்கா போவதை அது தொடவில்லை. நாலு மணித்தியாலம் காரில் போக முடியாத ஊருக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலத்தில் போகலாம் என்ற நிலை, கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். அங்கிருப்பவர்களுக்கே இது முதலில் விளங்கவில்லை. எத்தனையோ குடும்பங்களில் "அவன் போனான், நீ ஏன் போகவில்லை" என்ற சண்டை இதனால்தான் வந்தது. போடர் பூட்டு என்று சொன்னவரும் உண்மை சொன்னார், போய் நின்றவரும் களவாகப் போகவில்லை.

திரும்பி வருவதும் லேசாக இருக்கவில்லை. கனடாக்காரர் தங்கள் நாட்டுக்குத் திரும்புவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வந்தவுடன் 14 நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் 7,50,000 டொலர் வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு 14 நாள் என்பது அரை மாத வாடகை. இருந்தாலும் இதைக் காரணமாக நான் ஏற்க மாட்டேன். கூடப்பிறந்தவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எங்கள் ஆட்கள் அரை மாதச் சம்பளத்தை விடுவார்கள்.

எனவே உங்கள் மனதில் மிஞ்சியிருக்கும் கேள்வி இதுதான். காரில் போக முடியாது, சரி. விமானத்தில் ஏன் போகவில்லை? அதைவிட, 2021 மார்கழியில் திவசத்துக்கு ஏன் போகவில்லை? அத்தான் சொன்னது சரி. நவம்பர் 8இலிருந்து இரண்டு தடுப்பூசியும் போட்டவர்களுக்குப் பாலம் திறந்துவிட்டது. அங்கே கொரோனாவைக் காரணம் காட்ட முடியாது.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். முதல் இரண்டு தடவையும் கவனிக்காமல் விட்ட ஒரு வரியில் மூன்றாவது தடவை நின்றுவிட்டேன். "தம்பி 2010இல் கப்பலில் கனடா போனவர்."

2010இல் போன கப்பல் என்றால் சன் சீயாகத்தான் இருக்கும். ஓகஸ்ட் 13ஆம் திகதி 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்குப் போன கப்பல். போனவர்களைத் தடுப்பில் வைத்து ஒவ்வொருவராக விசாரித்தார்கள். சிலருக்குச் சீக்கிரமாக அகதி அந்தஸ்து கிடைத்தது. பலருக்கு வருசக்கணக்கில் இழுபட்டது. சிலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது அத்தானின் தம்பியையும் உங்கள் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அத்தானின் தம்பி எப்போது போனவர் என்று நீங்கள் எழுதவில்லை. முந்திப் போனவராக இருந்தால் கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பார். கனடாக் குடிமகன் அமெரிக்காவுக்குப் போக விசா தேவையில்லை. கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறலாம். உங்கள் தம்பி அந்த வருசம் குடியுரிமை இல்லாதவராக இருந்திருந்தால் அவருக்கு அமெரிக்க விசா வேண்டும். கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்திருந்தாலும் இலங்கைக் குடிமகனுக்கு அந்த விசா வேண்டும்தான். அமெரிக்காவோ 2020 மார்ச் 20ஆம் திகதியிலிருந்து உலகம் முழுவதும் வழக்கமான விசா வேலையை நிறுத்தியிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கியது. அவசர நேர்காணல் கேட்கலாம். ஆனால் செத்தவீடு மூன்று நாளில் முடிந்துவிடும். கொரோனா இல்லாத காலத்திலும் கப்பலில் வந்து அகதி கேட்ட ஒருவருக்கு அந்த விசா சும்மா கிடைக்காது.

துணிந்து காரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று மாமா சொல்லக்கூடும். போயிருந்தால் கூண்டில் திருப்பியிருப்பார்கள், அது பதிவில் ஏறியிருக்கும். பிறகு அவர் நிரப்பும் விசாப் பத்திரங்களில் "எந்த நாட்டிலாவது உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து வருசம் கந்தோர் கந்தோராக அலைந்து பேப்பர் எடுக்கும் ஒருவர் அந்தக் கூண்டுக்குக் கிட்டப் போகமாட்டார். அவருக்காக வழக்குப் பேசியவரும் போகாதே என்றுதான் சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அம்மாவின் செத்தவீட்டுக்கு வராததற்கும் இங்கேயே ஒரு பதில் இருக்கக்கூடும். கனடாவில் அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர், எந்த நாட்டுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அந்த நாட்டுக்கே போய் வந்தால், "உனக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை" என்று அந்த அந்தஸ்தை எடுத்துவிடலாம். 2012 மார்கழியில் சட்டத்தை மாற்றிய பிறகு அதோடு நிரந்தர வதிவிடமும் போய்விடும். அதாவது வதிவிட அட்டை கையில் இருந்தாலும், குடியுரிமை கிடைக்கும்வரை தாயின் சாவுக்கு இலங்கைக்கு வருவது தன் வாழ்க்கையை வைத்து ஆடும் விளையாட்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீடுகளில் மூத்த மகன் இல்லாமல் பேரன் கொள்ளி வைத்திருக்கிறான் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த மகன்மார் பாசம் இல்லாதவர்கள் இல்லை.

இப்போது அவர் வருகிறார், ரிக்கெற்றும் போட்டுவிட்டார். போன ஆனிக்கும் இந்த ஆனிக்கும் இடையில் அவருக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். குடிமகனாகிவிட்டால் அந்தப் பயம் இல்லை. இது என் ஊகம். அவருடைய பத்திரங்களை நான் பார்க்கவில்லை. ஆனால் அக்காவின் செத்தவீடு, திவசம், அம்மாவின் செத்தவீடு என்று மூன்றுக்கும் வராதவர் நாலாவதற்கு வருவதை இப்படித்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது.

பேப்பர் இல்லை என்று அவர் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குக் கோபம் வரும். அவர் சொல்லியிருக்கத்தான் வேண்டும். அது அவருடைய பிழை. ஆனால் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பிள்ளைகள் ஊருக்குச் சொல்லக் கூசும் விசயங்களில் முதலாவது இதுதான். வருமானம் இல்லை என்பதைக்கூடச் சொல்வார்கள், விசா இல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். சில வருசத்துக்கு முன்பு ஒரு தாய் தன் மகனுக்கு அனுப்பப் பிறப்புப் பத்திரத்தை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். "அவனுக்கு எப்பவோ சிற்றிசன் கிடைச்சிட்டுது, இது சும்மா ஏதோ பதிவுக்கு" என்றார். மகன் என்ன தேவைக்கென்று எழுதி அனுப்பிய ஆங்கிலக் குறிப்பு அவருடைய தொலைபேசியில் இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். அகதி விண்ணப்பத்தின் மேன்முறையீட்டுக்கு என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. மகனுக்கு அப்போது வயது 38. நான் தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தை மட்டும் கவனமாகச் செய்து கொடுத்தேன்.

உங்கள் தம்பிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பத்து வருசமாக "எல்லாம் சரி, சுகமாக இருக்கிறேன்" என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர், அக்கா செத்த அன்று "எனக்கு விசா இல்லை" என்று சொல்வதைவிட "போடர் பூட்டு" என்று சொல்வது லேசு. அது உண்மையாகவும் இருந்தது. அடுத்த வருசம் போடர் திறந்தபோது சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த ஆற்றங்கரைக் கதையை நான் நம்புகிறேன். ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலை நேரே போய் முடியும் ஊர் வின்ட்சர். கரையில் நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிட்ரொயிட்டின் உயரமான கட்டடங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கும், இடது கைப்பக்கம் அந்தப் பாலம் தெரியும். உங்களுக்குப் பொய் சொல்ல நினைத்தவர் "போகப் பார்த்தேன், திருப்பிவிட்டார்கள்" என்று சொல்லியிருப்பார். கேட்பவர்களுக்கு அது இன்னும் நல்ல கதை. போக முடியாது என்று தெரிந்தும் மார்கழிப் பனிக்குள் நாலு மணித்தியாலம் ஓடிப்போய், கரையில் நின்றுவிட்டு, திரும்ப நாலு மணித்தியாலம் ஓடி வந்தேன் என்று ஒருவர் கதை கட்டமாட்டார்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலிருந்த முகமாலைச் சோதனைச்சாவடியைப் பூட்டியபோது நான் வன்னிக்குள் இருந்தேன். அடுத்த வருசம் என் பெரியம்மா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். கிளிநொச்சியிலிருந்து அறுபத்தைந்து கிலோமீற்றர் இருக்குமா? செய்தி எங்களுக்கு வந்தபோது எட்டும் முடிந்திருந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தன் சந்தி வரைக்கும் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சந்தியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் வின்ட்சர் என்று வாசித்தவுடன் எனக்கு அந்தச் சந்திதான் ஞாபகம் வந்தது.

காணி விசயத்துக்கு வருகிறேன். மாமா சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. செத்தவீட்டுக்கு வந்தாரா, கொள்ளி வைத்தாரா என்று பார்த்து எந்த நீதிமன்றமும் பங்கு பிரிப்பதில்லை. அம்மா மரணசாசனமோ நன்கொடை உறுதியோ எழுதாமல் போயிருந்தால், அவருடைய உறுதிக் காணியில் தம்பிக்கும் உங்களுக்கும் சமபங்கு. அக்காவின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. ஆனால் கிளிநொச்சியில் நிறையக் காணி அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிதான் என்பதை நானும் நீங்களும் அறிவோம். உங்களுடையதும் அப்படியென்றால் கணக்கு வேறு. அம்மா பின்னுரித்தாளியாக, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, யாரைப் பதிந்திருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். பத்திரத்தைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், நீங்களும் மாமா சொல்கிறார் என்று யாருக்கும் ஒரு சொல்லும் கொடுத்துவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் காணிக் கிளையில் போய்க் கேட்டால் பதிவைக் காட்டுவார்கள்.

தம்பி வரும்போது எப்படிக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதற்காகத்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். திவசத்தன்று கேட்காதீர்கள். மாமாவும் சனமும் கூடியிருக்கும் இடத்தில் அவர் திரும்பவும் "போடர் பூட்டு" என்றுதான் சொல்வார். வருவதற்கு முன் வட்ஸ்அப்பிலும் கேட்கவேண்டாம். இதை எழுத்தில் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். இந்தப் பதினைந்து வருசத்தில் அவர் போதுமான விசாரணைக்கு முகம் கொடுத்திருப்பார். ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்து நீங்கள் இரண்டு பேருமாக இருக்கும்போது, "உனக்கு எப்ப சிற்றிசன் கிடைச்சது?" என்று மட்டும் கேளுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். திகதியைச் சொன்னார் என்றால் மற்றதெல்லாம் தானாக வரும். நான் நினைத்தது பிழை, 2015இலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது என்றால், அப்போது உங்களுக்குக் கோபிக்க நியாயம் உண்டு, கோபித்துக்கொள்ளுங்கள். அதையும் அவருடைய வாயால் கேட்ட பிறகு செய்யுங்கள்.

இன்னொன்று. அக்காவின் மகளிடம் சொல்லி அந்தச் செத்தவீட்டு வீடியோவை முழுதாக எடுத்து வைத்திருங்கள். தம்பி அதைப் பார்த்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

அவர் நிற்கும் நாட்களில் வேலைநாள் ஒன்றைப் பார்த்து, காணிப் பத்திரம், அம்மாவின் இறப்புப் பத்திரம், உங்கள் இரண்டு பேருடைய பிறப்புப் பத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவர் இங்கேயே கையெழுத்து வைத்துவிட்டால், பிறகு ரொறன்ரோவில் துணைத்தூதரகத்துக்கு அலைந்து தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பும் வேலை இருக்காது. இரண்டு பேருமாகவே வாருங்கள்.